ஜம்புகுமார் பிடித்த ராத்திரிக் கார்கள்

ஜம்புகுமாருக்குப் பஸ் ஒத்துக்கொள்ளும், கார் ஒத்துக்கொள்ளாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி போவதற்குள் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஏதாவது ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார். பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறினாலே எலுமிச்சம்பழத்தைத் தேடுகிற ஆள். அப்பேர்ப்பட்டவர்தான் 1986-ஆம் வருஷம் ஒரு நல்ல நாளில், இனிமேல் கார்களை மட்டுமே போட்டோ பிடிப்பது, அதையும் ராத்திரியில் மட்டுமே பிடிப்பது என்று முடிவுக்கு வந்தார். பகலில் பிடித்தால் கார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதில் என்ன பெருமை?

நானும் அவரும் திண்டிவனத்தில் ஒரே உரக்கடையில் வேலை பார்த்தோம். குடியிருந்ததும் ஒரே காம்பவுண்டில், பக்கத்துப் பக்கத்துப் போர்ஷனில். நடுவில் இருந்த சுவர் அந்தரங்கத்துக்காகக் கட்டியது இல்லை, வாடகையை இரண்டாகப் பிரிப்பதற்காகக் கட்டியது. அவர் தும்மினால் என் வீட்டில் என் மனைவி அம்சவள்ளி ‘நூறு வயசு’ என்பாள். ஆகவே நான் சொல்வதில் கேள்விப்பட்டது குறைவு, காதில் விழுந்ததுதான் அதிகம்.

அவர் வல்லம் பக்கத்து நயினார் குடும்பம். பரம்பரைச் சமணர்கள். பொழுது சாய்ந்துவிட்டால் அந்த வீட்டில் ஒரு பருக்கை வாயில் படாது. விளக்கு வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி சோற்றில் விழுந்து செத்தால் அந்தப் பாவம் யாருக்கு? எங்கள் வீட்டில் ரசம் கொதிக்கிற நேரத்தில் அவர்கள் வீட்டில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாகியிருக்கும். அவர் மனைவி தர்மதேவி சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இரண்டு பேருக்கும் தட்டுப் போட்டுவிடுவார். இந்த ஒழுங்கில் பத்து வருஷம் ஒரு நாளும் பிசகு வந்ததில்லை. பிறகு ஷபியுல்லா வந்தார்.

ஷபியுல்லா கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் வேலை. லீவில் வரும்போது தன் தென்னந்தோப்புக்கு யூரியா வாங்க எங்கள் கடைக்கு வருவார். அந்த முறை வரும்போது கடைக்கு ஒரு காலண்டர் கொண்டுவந்தார். அதில் ஏதோ ஒரு பெரிய ஊரின் ரோடு. ரோட்டில் வண்டியே இல்லை. வண்டிக்குப் பதிலாகச் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் வளைந்து வளைந்து போயிருந்தன.

“இன்னா பாய், ரோட்டு மேல நூலு கட்டி வச்சிருக்கான்?” என்று கேட்டார் ஜம்புகுமார்.

“நூலு இல்ல ஜம்பு. காரு போன வெளிச்சம். ராத்திரில கேமராவத் தொறந்து வச்சிக்கினு சும்மா நிக்கணும். ஓடுற காரு மறைஞ்சிடும், லைட்டு மட்டும் கோடா நிக்கும். நிக்கிற பொருளுதான் படத்துல உழும்.”

ஜம்புகுமார் அன்று முழுக்க யூரியா கேட்டவர்களுக்குப் பொட்டாஷ் போட்டார். மறுவாரமே ஷபியுல்லா தனக்கென்று வாங்கிவந்திருந்த ஜப்பான் கேமரா இவர் கழுத்துக்கு மாறிவிட்டது. மொபெட் வாங்குவதற்கென்று இரண்டு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த பணம். மொபெட் வந்தால் பின்னால் உட்கார்ந்து வல்லத்துக்கு, அம்மா வீட்டுக்கு, பஸ்ஸை எதிர்பார்க்காமல் போகலாம் என்று தர்மதேவிக்கு ஓர் எண்ணம் இருந்தது. மொபெட் இப்போது கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுருங்கி வீட்டுக்கு வந்தது.

கேமராவைப் பார்த்துவிட்டு தர்மதேவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். “இதுல ரெண்டு பேரு குந்தலாமா?”

ஜம்புகுமார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அவருக்கு எல்லாமே பாராட்டுதான்.

படிப்பு தொடங்கியது. முதல் ரோல் முழுக்கக் கறுப்பு. பாண்டிச்சேரி கலர் லேபில் ஒரு படத்தைக்கூடப் பிரிண்ட் போட மறுத்துவிட்டார்கள். இரண்டாவது ரோலில் வெளிச்சம் விழுந்தது, ஆனால் கேமராவைக் கையில் பிடித்திருந்ததால் ஜி.எஸ்.டி. ரோடு புழு மாதிரி நெளிந்திருந்தது. கேமராவை அசையாமல் நிறுத்தவேண்டும் என்று புரிந்ததும், கடையில் தராசு தொங்கவிடுகிற மரமுக்காலியின்மேல் அவர் கண் விழுந்தது. தினமும் கடை மூடுகிற நேரத்தில் அதைச் சைக்கிளில் குறுக்காகக் கட்டிக்கொண்டு ரோட்டுப் பாலத்துக்குப் போவார். கேமராவைச் சணல் போட்டு அதன் தலையில் கட்டுவார். மூட்டை தைக்கிற ஊசி ஒன்றும் பையில் இருக்கும். அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கேமராவில் ‘பி’ என்றொரு எழுத்து உண்டு. அதில் வைத்துவிட்டு, முனையில் பொத்தான் உள்ள ஒரு கம்பியை அழுத்திக்கொண்டே இருந்தால் கண் திறந்தபடியே இருக்கும். எவ்வளவு நேரம் அழுத்துவது என்பதில்தான் வித்தை. இருட்டில் கடிகாரம் தெரியாது. ஆகவே ஜம்புகுமார் தன் சமயத்தின் உதவியை நாடினார். பஞ்ச நமஸ்கார மந்திரத்தை நிதானமாக ஒருமுறை சொன்னால் அது ஒரு அளவு. கார் வேகமாக வந்தால் ஒரு மந்திரம், மெதுவாக வந்தால் இரண்டு. பிறவிக்கடலைத் தாண்டுவதற்கு என்று முன்னோர்கள் கொடுத்துவிட்டுப் போனது, அம்பாசடர் பாலத்தைத் தாண்டுவதை அளக்கப் பயன்பட்டது. அதிலும் ஒரு பக்தி வைத்திருந்தார். மந்திரம் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். படம் பிடிக்கிற நேரத்தில் படம் பிடிக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதை நான் இந்த ஒருவரிடம்தான் பார்த்தேன்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நல்ல இருட்டில் எடுத்தால் வானம் தார் பூசினது மாதிரி வருகிறது. சூரியன் விழுந்த கையோடு, வானம் நீலமாக இருக்கும்போதே எடுத்தால்தான் காலண்டர் மாதிரி வருகிறது என்று மூன்றாவது ரோலில் கண்டுபிடித்தார். கண்டுபிடிப்பு சரிதான். ஆனால் முக்காலியை நிறுத்தி, கேமராவைக் கட்டி, கார் வருவதற்குக் காத்திருக்க வேண்டுமானால், வீட்டில் தட்டுப் போடுகிற நேரத்தில் ரோட்டில் இருந்தாக வேண்டும். திரும்பிவரும்போது பொழுது போயிருக்கும். அப்புறம் தண்ணீர்கூடக் கிடையாது.

கலைக்காகப் பட்டினி கிடக்கிறேன் என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். பட்டினி கிடக்கப்போகிறவர், நாலரை மணிக்கே எதிர் டீக்கடையில் இரண்டு உளுந்து வடையும் ஒரு சீப்பில் பாதி வாழைப்பழமும் கை நிறைய மல்லாட்டை என்கிற வறுத்த வேர்க்கடலையும் உள்ளே தள்ளிவிடுவார். வெயில் இருக்கும்போதே சாப்பிட்டுவிடுவதால் விரதத்துக்கும் பங்கமில்லை.

திண்டிவனத்தில் லாரிக்குப் பஞ்சமில்லை, பஸ்ஸுக்கும் இல்லை. காருக்குத்தான் தவம் கிடக்கவேண்டும். லாரி வந்தால் மூடியை எடுத்து லென்ஸை மறைப்பார், கார் வந்தால் திறப்பார். அவருக்கு லாரி வெளிச்சம் தீட்டு. ஒருநாள் ரோந்து வந்த சவுரிராயன் என்கிற போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

“யோவ், பாலத்த இன்னாத்துக்குய்யா போட்டோ புடிக்கிற?”

“பாலம் இல்ல சார். காரு.”

“காரு எங்க?”

“இன்னும் வரல சார்.”

சவுரிராயனுக்கு இதற்கு எந்தச் சட்டத்தில் கேஸ் போடுவது என்று தெரியவில்லை. சந்தேகத்தின்பேரில் அவரும் கூடவே நின்று கார் வருகிறதா என்று பார்த்தார். கடைசியில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. அதற்கு வெளிச்சமே இல்லை. சவுரிராயன் அந்த டிரைவரைப் பிடித்துக்கொண்டு போனார். அன்றைக்கு ஜம்புகுமாரால் நாட்டுக்கு ஏற்பட்ட ஒரே நன்மை அதுதான்.

இப்படியே ஏழெட்டு மாதம் போனபிறகு உண்மையிலேயே ஒரு படம் வந்தது. நீல வானம், கறுப்புப் பாலம், நடுவில் சுத்தமாக இரண்டு சிவப்புக் கோடு. நன்றாகவே இருந்தது, அதை மறைக்கமாட்டேன். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ‘காரு எங்க?’ என்று கேட்டார்கள். “காரு தெரியக் கூடாது. அதான் தெறமை” என்பார். காரே இல்லாமல் படம் எடுப்பதென்றால் கேமரா இல்லாமல் நானே எடுத்துவிடுவேனே என்று அம்சவள்ளியிடம் சொன்னேன். சுவரின் லட்சணம் தெரிந்தே கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

அந்த நேரத்தில்தான் தர்மதேவியின் தங்கை அனந்தமதிக்கு விழுப்புரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பெயர் சாந்திநாதன், பள்ளிக்கூட வாத்தியார். பெண்ணின் அப்பா ரிஷபநாதன் வல்லத்தில் மல்லாட்டை பயிரிடுகிறவர். ஒன்றும் பெரிய ஆசை இல்லாத மனிதர், ஒன்றைத் தவிர. மூத்தவள் தர்மதேவியின் கல்யாணம் மழை பொய்த்த வருஷத்தில் நடந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி வைக்க வழியில்லாமல் ஜம்புகுமாரை நடத்தியே கூட்டிவந்தார்கள். பங்காளிகள் அதைப் பத்து வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கார் ஏறியிருந்தால் ஜம்புகுமார் என்ன ஆகியிருப்பார் என்பது அவர்களுக்குத் தெரியாது. இந்தத் தடவை ரிஷபநாதன் பாண்டிச்சேரியிலிருந்து மேல்மூடி இல்லாத நீள வெள்ளைக் கார் ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டார். அந்தக் காரில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு பெரிய படம் கூடத்தில் தொங்கவேண்டும். பேசின வாய் எல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிக்கவேண்டும்.

விழுப்புரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குச் சொல்லலாம் என்று இருந்தவரிடம் தர்மதேவிதான் பேசினார். “வெளி ஆளு எதுக்குப்பா? ராத்திரில காரு எடுக்கிறதுக்குன்னே இவுரு ஏழெட்டு மாசமா படிச்சிக்கினு இருக்காரு. நல்லா எடுப்பாரு. நான் சொல்றேன்ல.”

ஜம்புகுமாரின் பேச்சுக்கு அந்த வீட்டில் மதிப்பு கிடையாது. தர்மதேவியின் பேச்சுக்கு உண்டு. ரிஷபநாதன் ஸ்டுடியோவை விட்டுவிட்டார். படம் வராவிட்டால் தலை குனியப்போவது தர்மதேவி என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜம்புகுமாருக்கு மட்டும் சந்தோஷத்தில் தெரியவில்லை.

வைகாசியில் விழுப்புரத்தில் கல்யாணம். முந்தின நாள் காலையில் நாங்கள் பஸ்ஸில் கிளம்பினோம். முக்காலிக்கு லக்கேஜ் போட்டார் கண்டக்டர்.

“ப்ளாஷ் எடுத்துக்கினீங்களா?” என்று கேட்டேன்.

“அது ஸ்டுடியோக்காரன் வேல அப்பாதுரை. பட்டுனு அடிச்சா மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வரும். நான் எடுக்கப்போறது வேற.”

அவர் எடுக்கப்போவது எது என்பதை வழியெல்லாம் விளக்கினார். மண்டபத்து வாசலுக்குச் சற்று முன்னால் கார் நிற்கும். சுற்றிலும் பெட்ரோமாக்ஸ். எல்லோரும் சிலை மாதிரி நிற்பார்கள். மாப்பிள்ளை காரோடு பளிச்சென்று விழுவார். தூரத்தில் மெயின் ரோட்டில் போகிற வண்டிகள் மட்டும் கோடாகத் தெரியும். ஒரே ஒரு படம் போதும். கேட்கும்போது எனக்கே ஆசையாக இருந்தது.

மத்தியானம் கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்தது. நயினார் வீட்டுக் கல்யாணம் என்பதால் ராத்திரிச் சாப்பாடு வெயிலிலேயே பந்தி போட்டு முடிந்தது. ஜம்புகுமார் பந்தியில் உட்காரவில்லை. ரோட்டில் முக்காலிக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல நாலரைக்கே ஸ்டேஷன் பக்கம் போய் வடையை முடித்துக்கொண்டு வந்திருந்தார்.

பொழுது சாய்ந்து ஊர்வலம் வந்தது. முன்னால் நாயனம், இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸைத் தலையில் தூக்கிய பெண்கள், நடுவில் படகு மாதிரி அந்த வெள்ளைக் கார். சாந்திநாதன் மாலைக்குள் பாதி முகம் மறைய உட்கார்ந்திருந்தார். மண்டபத்து வாசலில் ட்யூப் லைட்டுக்குக் கீழே தர்மதேவி ஆரத்தித் தட்டோடு நின்றார். ஜம்புகுமார் கையை உயர்த்தினார். கார் நின்றது, நாயனம் நின்றது.

“யாரும் அசையாதீங்க! நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க!” என்று கத்திவிட்டு, கம்பியை அழுத்தி, கண்ணை மூடி மந்திரத்தைத் தொடங்கினார். வெளிச்சம் போதாது என்று மூன்று மந்திரம் முடிவு செய்திருந்தார்.

முதல் மந்திரத்தில் பாதி போவதற்குள் ஈசல் கிளம்பிவிட்டது. மத்தியானம் மழை பெய்த பூமி, சும்மா விடுமா? ஒவ்வொரு பெட்ரோமாக்ஸையும் சுற்றிக் கொத்துக் கொத்தாக மொய்த்தது. சூடு பட்டு உதிர்ந்தது. காலடியில் விழுந்ததை மிதித்துவிடக் கூடாதே என்று ஆளாளுக்குக் கால் மாற்றிக் குதித்தார்கள். மாப்பிள்ளை மாலையில் விழுந்த ஈசல்களை நோகாமல் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தார். வேறு யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் துண்டை வீசி அடித்துவிட்டு நின்றிருப்பார்கள். ரிஷபநாதனுக்கு மனசு பதறிவிட்டது.

“யப்பா, உசிரு கொத்துக் கொத்தா சாவுது! கல்யாணத்துல நமக்கு எதுக்கு இந்தப் பாவம்? லைட்ட எடுத்துக்கினு ஜல்தியா நடங்க! டிரைவரு, வண்டிய உள்ள உடு!”

பெட்ரோமாக்ஸ்கள் நகர்ந்தன. கார் கிளம்பி மண்டபத்துக்குள் போனது. ஊரே பின்னால் போனது. ஆரத்தியை உள்ளே வேறு யாரோ எடுத்தார்கள். நான் ஜம்புகுமாரின் தோளைத் தட்டினேன். மந்திரத்தை நடுவில் விடக்கூடாது என்பதால் அவர் தலையை மட்டும் ஆட்டினார். மூன்றும் முடித்து, கம்பியை விட்டுவிட்டு, கண்ணைத் திறந்தபோது ரோடு காலி. தட்டைப் பிடித்தபடி தர்மதேவி மட்டும் அதே இடத்தில் நின்றிருந்தார்.

“நீ உள்ள போவலியா?” என்றார் ஜம்புகுமார்.

“நீங்கதான அசையாதீங்கன்னு சொன்னீங்க. ஆச்சா?”

“ஆச்சு. எல்லாம் உழுந்திருக்கும்” என்றார் அவர். எனக்கு நம்பிக்கை இல்லை. தர்மதேவிக்கு இருந்தது. அந்தம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

பத்து நாள் கழித்து பாண்டிச்சேரியிலிருந்து படம் வந்தது. லேபில், கடைசிப் படத்தை மட்டும் பெரிசாகப் போட்டு உறையில் ஒட்டிக்கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். மாமனார் கையால்தான் பிரிக்கவேண்டும் என்று உறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மரியாதையில் அவரை மிஞ்ச முடியாது. துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு, தர்மதேவியோடு மூவருமாக வல்லத்துக்குப் போனோம். பங்காளி வீட்டார் நாலைந்து பேர் முன்கூட்டியே வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஆணிகூட அடித்தாகிவிட்டது.

ரிஷபநாதன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறையைப் பிரித்தார். படத்தைத் தூரமாக வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

“காரு எங்க மாப்ள?”

“அதோ அந்த வெள்ளக் கோடுதான் மாமா. காரு போன வெளிச்சம்.”

“காரு போனது எனுக்குத் தெரியும். நானும் கூடத்தான போனேன். மாப்பிள்ள எங்க?”

ஜம்புகுமார் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே சாம்பிராணிப் புகை மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. நாயனக்காரர் இல்லை, பெட்ரோமாக்ஸ் தூக்கியவர்கள் இல்லை, ஊர்வலமே இல்லை. காலி ரோட்டில் கோடு கோடாக வெளிச்சம். ஓரத்தில் ட்யூப் லைட்டுக்குக் கீழே, தட்டைப் பிடித்துக்கொண்டு, இமைமுடி எண்ணுகிற அளவுக்குத் தெளிவாகத் தர்மதேவி. ஏழெட்டு மாதப் படிப்பில் அவர் எடுத்த படங்களிலேயே அதுதான் நல்ல படம்.

ஒரு பங்காளி இருமுவது மாதிரி சிரித்தார். ரிஷபநாதனுக்குக் காது சிவந்துவிட்டது.

“காரப் புடிங்கன்னா உங்க ஊட்டுக்காரியப் புடிச்சிக்கினு வந்திருக்கீங்க” என்றவர், மகள் பக்கம் திரும்பினார். “நான் சொல்றேன்ல, நான் சொல்றேன்லன்னியே. இன்னாத்தச் சொன்ன நீ? இத்தனை பேரு முன்னால பேஜாராப் போச்சு.”

தர்மதேவி அப்பாவின் கையிலிருந்து படத்தை வாங்கினார். அழப்போகிறார் என்று நினைத்து நான் தரையைப் பார்த்தேன்.

“யம்மா, நான் இவ்ளோ எளச்சிட்டேனா?”

தர்மதேவியின் அம்மா பத்மாம்பாள் எழுந்து வந்து மகளின் தோள்வழியாகப் படத்தைப் பார்த்தார். படத்தில் கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. கையில் வளையல்கள் முழங்கை வரைக்கும் இறங்கியிருந்தன. பிறகு பக்கத்தில் நிற்கிற மகளைப் பார்த்தார். தினம் தினம் பார்க்கிற எங்களுக்கும் அது அப்போதுதான் தெரிந்தது.

“ராத்திரி சாப்புடுறதில்லியாடி?”

“இவுரு வர்றதுக்குள்ள பொழுது எறங்கிடுதும்மா. உட்டுட்டு நான் மட்டும் எப்பிடிச் சாப்புடறது?” குறை சொல்கிற குரலே இல்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

ஏழெட்டு மாதம். அதில் ஒவ்வொரு சாயங்காலமும் அந்தம்மா இரண்டு தட்டைப் போட்டுவைத்து, சூரியன் விழுகிற வரைக்கும் வாசலைப் பார்த்துவிட்டு, இரண்டையும் எடுத்துக் கவிழ்த்திருக்கிறார். ஜம்புகுமாரைப் பார்த்தேன். எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்கிற மனிதர், இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு நின்றார். ரிஷபநாதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பங்காளிகளைப் பார்த்து, “காப்பி குடிச்சிட்டீங்கன்னா கெளம்புங்க” என்றார்.

கடையில் மறுநாள் முக்காலி தராசுக்கே போய்ச் சேர்ந்தது. நாலரைக்கு எதிர் டீக்கடைக்காரர் வடை இருக்கிறது என்று குரல் கொடுத்தார். ஜம்புகுமாருக்குக் காது கேட்கவில்லை. ஐந்து மணிக்கே முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நானும் சும்மா இருக்கமுடியாமல் பின்னாலேயே வந்து என் போர்ஷனில் சுவரோரமாக உட்கார்ந்தேன். அம்சவள்ளி என்னை முறைத்துவிட்டு, அவளும் வந்து உட்கார்ந்தாள்.

வெளியே மஞ்சள் வெயில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் சுத்தமான நீலம் வரப்போகிற வானம் அது என்று அவரோடு திரிந்த எனக்கே தெரிந்தது. அந்தப் பக்கம் ஒரு தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. வைத்தது ஜம்புகுமார்தான், தர்மதேவி வைத்தால் அவ்வளவு சத்தம் வராது. கொஞ்ச நேரம் கழித்து தர்மதேவியின் குரல் வந்தது.

“ஏங்க, இன்னிக்கி வானம் நல்லாத்தான இருக்குது?”